ஓடும்போது எடுத்த காகிதம்

எங்கள் அறைக்கு வருபவர்களின் கோப்புகள் பெரும்பாலும் தடிமனாக இருக்கும். தைராய்டு பரிசோதனை, எக்கோ, டிரெட்மில், உடலில் கட்டிவிடும் ஹோல்டர் கருவியின் 24 மணி நேர ஈ.சி.ஜி. பதிவு என எல்லாம் அதில் இருக்கும். சிலர் வயிற்று எண்டோஸ்கோப்பி அறிக்கையைக்கூட வைத்திருப்பார்கள். இருக்க வேண்டிய ஒன்று மட்டும் இருக்காது. நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த ஈ.சி.ஜி.தான் அது. கேட்டால், "எடுத்தார்கள், ஊசி போட்டதும் சரியாகிவிட்டது, காகிதத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள்" என்பார்கள். அந்தக் காகிதம் பிறகு யார் கையிலும் கிடைப்பதில்லை.

நான் மருத்துவர் இல்லை. இதய மின்னியல் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். மருத்துவர் நோயாளியின் அருகே நின்று, நுனியில் மின்முனைகள் கொண்ட மெல்லிய குழாய்களான கதீட்டர்களை நகர்த்துவார். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் திரைகளின் முன் அமர்ந்து, அவர் கேட்கும் இடத்தில் இதயத்துக்குச் சிறு மின்தூண்டல்களைக் கொடுப்பேன், திரும்பி வருவதை மில்லி விநாடிக் கணக்கில் அளந்து சொல்வேன். வாழ்க்கையில் வேறெதிலும் இவ்வளவு நுணுக்கமாக நேரம் பார்ப்பவள் அல்ல நான். வேலைக்கே சில நாள் தாமதமாக வருகிறவள்.

நான் அதிகம் பார்ப்பது பிறவியிலேயே இதயத்தில் ஒரு கூடுதல் மின்பாதையோடு வந்தவர்களை. இதைப் பற்றி எழுதச் சொல்லி என் அக்கா மகள் வெகுநாளாக நச்சரிக்கிறாள். அவளுக்கும் அந்தப் பாதை இருந்தது. அவள் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே நார்த்திசுவாலான வளையங்கள் இருக்கின்றன. வால்வுகள் பொருந்தியிருப்பது அந்த வளையங்களில்தான். நார்த்திசு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மேலிருந்து கீழே மின்துடிப்பு இறங்குவதற்கு இயற்கை வைத்திருப்பது ஒரே ஒரு வழி. ஏ.வி. கணு என்னும் சிறிய திசுத்திரளும், அதிலிருந்து கிளம்பும் ஹிஸ் கற்றையும் சேர்ந்ததே அந்த வழி. ஏ.வி. கணு வேண்டுமென்றே தாமதிக்கிற ஓர் உறுப்பு. ஏறத்தாழ ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் துடிப்பை நிறுத்திவைத்து அனுப்பும். மேலறை சுருங்கி இரத்தத்தைக் கீழே தள்ளி முடிப்பதற்கான அவகாசம் அது. மேலறை தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கினால் எல்லாவற்றையும் கீழே விடாமல் வடிகட்டுவதும் இதே கணுதான்.

கருவில் இதயம் உருவாகும்போது மேலறைத் தசையும் கீழறைத் தசையும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பிறகு நார்வளையம் வளர்ந்து இரண்டையும் பிரிக்கும். எங்காவது ஓர் இடத்தில் அது முழுமையாக மூடாமல் போனால் மெல்லிய தசை இழை ஒன்று மிஞ்சிவிடும். அதைத்தான் துணைப்பாதை என்கிறோம். எக்கோவில் தெரியாது, ஸ்கேனில் தெரியாது. அறுத்துப் பார்த்தாலும் கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத அளவு மெல்லியது. அதன் இருப்பை மின்சாரத்தின் நடத்தையை வைத்தே கண்டுகொள்ள முடியும்.

இந்த இழைக்குத் தாமதிக்கத் தெரியாது. மேலறையிலிருந்து வரும் துடிப்பு ஏ.வி. கணுவில் காத்திருக்கும் அதே நேரத்தில், இழை வழியாக இன்னொரு பகுதி விறுவிறுவென்று இறங்கிக் கீழறையின் ஓர் ஓரத்தை முன்கூட்டியே கிளப்பிவிடும். ஈ.சி.ஜி.யில் கீழறையின் கூர்மையான அலை செங்குத்தாக எழுவதற்குப் பதிலாக, அடியில் ஒரு சாய்வோடு எழும். அந்தச் சாய்வுதான் டெல்டா அலை. மேலறை அலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி 120 மில்லி விநாடிக்குக் கீழே சுருங்கிவிடும். ஈ.சி.ஜி. காகிதத்தில் இது மூன்று சின்னக் கட்டங்கள். ஆயிரம் பேரில் ஒருவரிலிருந்து மூன்று பேர் வரை இந்தத் தோற்றம் உண்டு. பலர் வாழ்நாள் முழுக்க ஒரு படபடப்பும் இல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

இதை முதலில் ஒரு நோய்க்குறித் தொகுப்பாக எழுதி வைத்தவர்கள் லூயிஸ் வொல்ஃப், ஜான் பார்க்கின்சன், பால் டட்லி வைட் ஆகிய மூவர். 1930ஆம் ஆண்டு, 11 பேரின் ஈ.சி.ஜி.யோடு கட்டுரை வெளியானது. இதயத்தில் வேறு கோளாறு எதுவும் இல்லாத, அவ்வப்போது படபடப்பு வந்து போகிற, பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள் அவர்கள். மூவரும் இதைக் கடத்துக் கற்றையில் ஏற்பட்ட அடைப்பாகவே வகைப்படுத்தினார்கள். கூடுதல் பாதை என்ற விளக்கம் பிறகுதான் நிலைபெற்றது. இத்தனைக்கும் ஜார்ஜ் மைன்ஸ் என்ற உடலியலாளர் 1914இலேயே, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இன்னோர் இணைப்பு இருந்தால் துடிப்பு ஒரு வழியாக இறங்கி மறு வழியாக ஏறிச் சுற்றிக்கொண்டே இருக்க முடியும் என்று எழுதியிருந்தார். அதே ஆண்டு தன் ஆய்வகத்தில் நினைவிழந்து கிடந்தார், அன்றே இறந்துபோனார். அப்போது வயது 28. அவர் சொன்ன சுற்றை நான் வாரம் தவறாமல் திரையில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சுற்று இப்படி நடக்கிறது. ஒரு முந்தைய துடிப்பு, அதாவது எல்லோருக்கும் எப்போதாவது வரும் உரிய நேரத்துக்கு முன்னான துடிப்பு, மேலறையில் கிளம்புகிறது. துணைப்பாதை அப்போதுதான் வேலை செய்து முடித்து ஓய்வில் இருக்கிறது, எனவே அதன் வழியே இறங்க முடியவில்லை. ஏ.வி. கணு வழியே மெதுவாக இறங்கிக் கீழறையைச் சுற்றிவரும் நேரத்துக்குள் துணைப்பாதை ஓய்வு முடிந்து எழுந்துவிடுகிறது. துடிப்பு அதன் வழியே மேலேறுகிறது. மேலறையிலிருந்து மீண்டும் கணு, மீண்டும் கீழறை, மீண்டும் ஏற்றம். நிமிடத்துக்கு 150 முதல் 250 வரை இதயம் ஓடத் தொடங்கிவிடும். படிப்படியாக ஏறாது. ஒரே துடிப்பில் தொடங்கும், ஒரே துடிப்பில் நிற்கும்.

இதைத்தான் என் அக்கா மகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "சித்தி, மெதுவாகக் கூடவில்லை. குனிந்து செருப்பு வாரைப் போட்டேன், அந்த நொடியில் ஆரம்பித்தது. நின்றதும் அதே மாதிரிதான்." முடிந்த பிறகு அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருந்ததையும் சொன்னாள். படபடப்பின்போது மேலறை விரிவடைந்து ஒரு ஹார்மோனைச் சுரக்கும், அது சிறுநீரகத்தை முடுக்கிவிடும். தேர்ந்த காது இந்த இரண்டு வாக்கியங்களிலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அவளைப் பார்த்த மருத்துவர் நிமிரவில்லை. தேர்வு நேரம், இளம்பெண், ஈ.சி.ஜி. நார்மல். பதற்றம் என்று எழுதி, மூச்சுப் பயிற்சி சொல்லி அனுப்பிவிட்டார். அவள் பதற்றமாக இருந்தாள் என்பது உண்மைதான். நிமிடத்துக்கு இருநூறு முறை இதயம் துடித்தால் யாருக்குத்தான் பதற்றம் வராது? எது முன்னால் வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். இந்த வகைப் படபடப்பு உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், பதற்ற நோய் என்ற பெயரோடு ஆண்டுக்கணக்கில் அலைவது எங்கள் துறையில் பழைய கதை.

அந்த நார்மல் ஈ.சி.ஜி.யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துணைப்பாதைகள் எல்லாம் இருவழியாகக் கடத்துவதில்லை. கணிசமானவை கீழிருந்து மேலே மட்டும் கடத்தும். மேலிருந்து கீழே கடத்தாததால் டெல்டா அலை தோன்றாது. சாதாரணமாக இருக்கும் நேரத்தில் எத்தனை ஈ.சி.ஜி. எடுத்தாலும் பழுதில்லாமல்தான் வரும். சுற்று ஓடுவதற்கோ மேலே ஏறும் திறன் ஒன்றே போதும். மறைந்திருக்கும் பாதை என்று இதற்குப் பெயர். அக்கா மகளுக்கு இருந்தது அதுதான். படபடப்பு நின்ற பிறகு எடுத்த நார்மல் ஈ.சி.ஜி., அந்த நேரத்தில் படபடப்பு இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது.

டெல்டா அலை தெரிகிறவர்களுக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. இயந்திரம் தானாக அச்சிடும் அறிக்கையை நம்பிக் கெட்டவர்கள் உண்டு. பாதை இதயத்தின் பின்பக்கத் தடுப்புச் சுவரருகே இருந்தால், டெல்டா அலை சில லீடுகளில், அதாவது ஈ.சி.ஜி. இதயத்தைப் பார்க்கும் சில கோணங்களில், கீழ்நோக்கி இறங்கும். பழைய மாரடைப்பின் தடயமும் அதே தோற்றத்தில்தான் இருக்கும். இருபது வயதுப் பையனின் ஈ.சி.ஜி.யில் 'மாரடைப்பு, காலம் தெரியவில்லை' என்று இயந்திரம் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். குடும்பமே அழுதுகொண்டு வந்தது. இடைவெளியை அளந்தால் இரண்டரைக் கட்டம்.

படபடப்பு ஓடும்போது எடுத்த ஈ.சி.ஜி.யில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? முதலில், மெல்லிய அலைகளா அகலமானவையா, சீராக இருக்கின்றனவா இல்லையா. பிறகு, கீழறை அலைக்குப் பின்னால் மேலறையின் சிற்றலை எங்கே விழுகிறது. துணைப்பாதைச் சுற்று என்றால் துடிப்பு கீழறையைக் கடந்து வளையம் வரை போய் ஏற வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். எனவே சிற்றலை 70 மில்லி விநாடிக்கு மேல் தள்ளி, தனியாகத் தெரியும். இன்னொரு வகைப் படபடப்பு இருக்கிறது. அதில் ஏ.வி. கணுவுக்கு உள்ளேயும் அதை ஒட்டியும் வேகமான வழி, மெதுவான வழி என இரண்டு அமைந்து, சுற்று அங்கேயே முடிந்துவிடும். பெரியவர்களிடம் அதுதான் அதிகம். அதில் சிற்றலை கீழறை அலைக்குள் புதைந்தோ, அதன் வாலில் ஒட்டிக்கொண்டோ இருக்கும். ஒரே காகிதத்தில் கிடைக்கும் இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் போவதும், ஒன்றும் தெரியாமல் போவதும் ஒன்றல்ல.

அவசரப் பிரிவில் வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். படபடப்பை நிறுத்தும்போது ஈ.சி.ஜி.யை ஓடவிடுங்கள். முதலில் செய்யச் சொல்வது மூச்சை அடக்கி முக்குவது. அதற்கு 2015இல் வெளியான ரிவர்ட் ஆய்வு ஒரு நல்ல திருத்தத்தைத் தந்தது. நோயாளியைச் சாய்ந்து உட்காரவைத்து 15 விநாடி முக்கச் சொல்லி, உடனே படுக்கையைத் தட்டையாக்கி, கால்களை 15 விநாடி தூக்கிப் பிடிக்க வேண்டும். பழைய முறையில் 17 சதவீதம் பேருக்குப் படபடப்பு நின்றது, இந்த முறையில் 43 சதவீதம். செலவு கிடையாது, மருந்து கிடையாது, கால்களைத் தூக்க ஓர் ஆள் போதும்.

அதற்கும் மசியாவிட்டால் அடினோசின் ஊசி. சிரையில் வேகமாகச் செலுத்தி, பின்னாலேயே உப்புநீரைத் தள்ள வேண்டும். இரத்தத்தில் பத்து விநாடிகூட அது தாக்குப்பிடிக்காது. அந்தச் சில விநாடிகள் ஏ.வி. கணுவை மூடிவிடும், சுற்று அறுந்துவிடும். நோயாளிக்கு அந்த நேரம் கொடுமையானது. நெஞ்சு அழுந்தும், முகம் சிவக்கும், உயிர் போகிறது என்றே சிலர் நினைப்பார்கள். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மனிதத்தன்மை. ஈ.சி.ஜி.யை ஓடவிட்டிருந்தால், சுற்று எந்த இடத்தில் அறுந்தது என்பது காகிதத்தில் பதிவாகும். மேலறைச் சிற்றலையோடு முடிந்ததென்றால் கணுவில் அறுந்தது என்று பொருள், கணு சுற்றில் பங்கெடுக்கிறது என்பதற்கு நல்ல சான்று அது. கீழறை ஓய்ந்த பிறகும் மேலறை தன் பாட்டுக்கு வேகமாக ஓடிக்கொண்டே இருந்தால் கதை வேறு. சிலருக்குச் சுற்று நின்றதும், கணு இன்னும் மூடியிருக்கும் அந்த இடைவெளியில், இரண்டு மூன்று துடிப்புகளுக்கு டெல்டா அலை தலைகாட்டிவிட்டு ஒளிந்துகொள்ளும். இத்தனையும் பத்து விநாடியில் முடிந்துவிடும். அந்தப் பத்து விநாடியில் இயந்திரம் அணைந்திருந்தால் என்ன சொல்வது!

இந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்துகிறேன். டெல்டா அலை உள்ளவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால், அதாவது மேலறை ஒழுங்கே இல்லாமல் அதிரத் தொடங்கினால், நிலைமை தலைகீழ். வடிகட்டும் கணுவைத் தாண்டி, துணைப்பாதை வழியாகக் கட்டுப்பாடில்லாமல் துடிப்புகள் கீழே இறங்கும். ஈ.சி.ஜி.யில் அலைகள் அகலமாக, ஒழுங்கின்றி, மிக வேகமாக, ஒன்றுக்கொன்று வடிவம் மாறி வரும். அப்போது வெராபமில், டில்டியாசம், டிகாக்சின், அடினோசின் என்று கணுவை மூடும் மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. கணுவை மூடினால் பாதைக்கு இன்னும் வசதி. கீழறையும் அதிரத் தொடங்கி இதயம் நின்றுவிடலாம். இரத்த அழுத்தம் சரிந்திருந்தால் மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும், தாங்குகிறார் என்றால் புரோகைனமைடு போன்ற, பாதையையே மந்தமாக்கும் மருந்து. இரண்டு துடிப்புகளுக்கு இடையே மிகக் குறுகிய இடைவெளி 250 மில்லி விநாடியோ அதற்கும் குறைவோ என்றால் அந்தப் பாதை ஆபத்தானது என்று வைத்துக்கொள்கிறோம். திடீர் மரணம் அரிது, மிகவும் அரிது. ஆனால் அந்த அரிதானது நேர்வது நல்ல ஆரோக்கியமான இளம் உடல்களில்.

அதனால்தான் எந்தத் தொந்தரவும் இல்லாமல் தற்செயலாக டெல்டா அலை தெரியவந்தவர்களையும் அப்படியே விட்டுவிடுவதில்லை. உடற்பயிற்சிச் சோதனையில் வேகம் ஏற ஏற ஒரு கட்டத்தில் டெல்டா அலை சட்டென்று மறைந்துவிட்டால் ஆறுதல். அந்தப் பாதைக்கு வேகம் தாங்கவில்லை என்று பொருள். அது தேயாமல் தொடர்ந்தால் உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது. போட்டிகளில் விளையாடுபவர்கள், விமானம் ஓட்டுபவர்கள் போன்றவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் ஆய்வு செய்யச் சொல்கின்றன 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். கைக்குழந்தைகளின் கதை வேறு. பலருக்கு முதல் ஆண்டுக்குள் பாதை தானாகவே ஓய்ந்துவிடும். எனவே மருந்தோடு காத்திருப்பார்கள்.

அக்கா மகளுக்குத் தேவைப்பட்டது ஒரு பதிவு. ஹோல்டர் கட்டிய நாளில் படபடப்பு வரவில்லை, வழக்கம்போல. மாதத்துக்கு ஒருமுறை வருவதை 24 மணி நேரப் பட்டையில் பிடிப்பது அதிர்ஷ்டத்தை நம்புவதுதான். ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டச் சொன்னேன். "வந்ததும் பயப்படாதே, உட்கார், விரலை வை, 30 விநாடி அசையாதே." அடுத்த முறை அப்படியே செய்தாள். கடிகாரம் 'முடிவு தெரியவில்லை' என்று எழுதியது. எழுதட்டும். நமக்கு வேண்டியது அதன் முடிவு அல்ல, அது வரைந்த கோடு. மெல்லிய அலைகள், ஒரே சீராக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 300 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 200. எங்கள் மருத்துவர் அதைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அழைத்து வாருங்கள்" என்றார்.

ஆய்வு நாளில் என்ன நடக்கும் என்பதை நோயாளிகளுக்கு யாரும் முழுதாகச் சொல்வதில்லை என்பது என் குறை. படபடப்பைத் தடுக்கும் மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். காரணம், மாத்திரை இருந்தால் படபடப்பைக் கிளப்ப முடியாது. பெரியவர்களுக்கு முழு மயக்கம் பெரும்பாலும் கொடுப்பதில்லை, காரணம் அதேதான். தொடை இடுக்கை மரக்கச் செய்து, அங்குள்ள சிரை வழியாகக் கதீட்டர்களை ஏற்றுவார்கள். ஒன்று மேலறையில், ஒன்று ஹிஸ் கற்றையின் மேல், ஒன்று வலது கீழறையில். நான்காவதுதான் என் செல்லம். கரோனரி சைனஸ் என்னும் சிரைக்குள் போகும் அது, பெரும்பாலும் பத்து மின்முனைகள் கொண்டது. அந்தச் சிரை இடது வளையத்தை ஒட்டியே ஓடுவதால், இடப்பக்கத்துக்குள் நுழையாமலே இடப்பக்கத்தின் கதையைப் படித்துவிடலாம்.

பிறகு என் வேலை. எட்டுத் தூண்டல்கள் ஒரே சீராக, ஒன்பதாவது சற்று முன்கூட்டியே. அடுத்த சுற்றில் ஒன்பதாவது இன்னும் 10 மில்லி விநாடி முன்னால். ஏ.வி. கணுவாக இருந்தால் நெருக்க நெருக்கத் தாமதம் கூடும். துணைப்பாதை பொதுவாக அப்படித் தயங்காது, கடத்தினால் அதே வேகம், இல்லையென்றால் திடீரென்று முழு நிறுத்தம். கீழறையிலிருந்து தூண்டும்போது மேலறையில் எந்த முனை முதலில் விழிக்கிறது என்று பார்ப்பேன். கணு வழியாக ஏறினால் ஹிஸ் அருகேதான் முதலில் தெரிய வேண்டும். அக்கா மகளுக்குக் கரோனரி சைனஸின் கடைக்கோடி முனைகளில் முதலில் தெரிந்தது. இடது வெளிச்சுவர். துணைப்பாதைகள் அதிகம் இருக்கும் இடமும் அதுவே.

முன்கூட்டிய தூண்டல் ஒன்றில் சுற்று பற்றிக்கொண்டது. திரையில் 200. உள்ளிருந்து அவள் குரல் ஒலிபெருக்கியில் வந்தது: "சித்தி, இதுதான்! இதேதான்!" ஆய்வின்போது பலர் இப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பயத்தைவிட அதில் வெற்றிக்குரல்தான் அதிகம். தாங்கள் பொய் சொல்லவில்லை என்பதற்கு அறை நிறையச் சாட்சிகள் கிடைத்துவிட்ட குரல் அது.

தூண்டலால் நோயைக் கிளப்புவதும் நிறுத்துவதும் 1967இல் ஆம்ஸ்டர்டாமில் டிர்க் டியூரர் குழுவினரும் பாரிஸில் ஃபிலிப் கூமெலும் தொடங்கிவைத்தது. கூமெலின் பெயரில் வழங்கும் ஒரு கணிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். சுற்று ஓடும்போது சில நேரம் கீழறையின் இடக்கிளைக் கற்றை தற்காலிகமாக அடைத்துக்கொள்ளும். பாதையும் இடது வெளிச்சுவரில் இருந்தால், துடிப்பு வலப்பக்கம் இறங்கிச் சுற்றி வந்து ஏற வேண்டும், ஆகவே சுற்றின் நேரம் நீளும். பாதை வலப்பக்கம் இருந்தால் இடக்கிளை அடைப்பால் எதுவும் மாறாது. எந்தப் படமும் இல்லாமல், நேரத்தின் நீளத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிடலாம். அவளுடைய ஓட்டத்தில் இடக்கிளை அடைத்த சில துடிப்புகளில் 40 மில்லி விநாடி கூடியது. நான் சத்தமாக எண்ணைச் சொன்னேன். மருத்துவர் தலையை மட்டும் அசைத்தார். அவருக்கு அது போதும்.

இடப்பக்கம் போக, மேலறைகளுக்கு இடையிலான தடுப்புச் சுவரில் ஊசியால் துளையிட்டு நுழைவது ஒரு வழி. மகாதமனி வழியாகப் பின்னோக்கிப் போவது இன்னொன்று. எங்கள் மருத்துவர் முதல் கட்சி. நுழைந்ததும் இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின். பிறகு வளையத்தின் மேல் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கதீட்டரின் முனையை நகர்த்துவது. இருட்டு அறையில் சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேடுவது போன்ற வேலை. நுனிமுனையில் மேலறையின் அலையும் கீழறையின் அலையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு வரும் இடம்தான் நாங்கள் தேடுவது. சில நேரம் இரண்டுக்கும் நடுவே ஒரு கூர்மையான சிறு முள் தெரியும். அது பாதையின் சொந்தக் குரல். அது தெரிந்தால் அறையில் யாரும் பேசமாட்டோம்.

மிதிகட்டையை அழுத்தியதும் ரேடியோ அலை மின்னோட்டம் பாயும். திசுவின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டினால் அது நிரந்தரமாகச் செயலிழக்கும். சரியான இடமாக இருந்தால் சில விநாடிகளில் பாதை செத்துவிடும். டெல்டா அலை உள்ளவர்களுக்கு இந்தக் காட்சி கண்முன் நடக்கும். சாய்வான அலை, சாய்வான அலை, அடுத்தது செங்குத்தாக எழும். பத்து விநாடியாகியும் அசையவில்லை என்றால் இடம் தவறு, எடுத்துவிட்டு மீண்டும் தேட வேண்டும். வீணாகச் சுட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சுட்ட இடம் வீங்கி, பிறகு உண்மையான இடத்தையும் குழப்பிவிடும்.

எல்லாப் பாதைகளும் இவ்வளவு இணக்கமானவை அல்ல. வலது வெளிச்சுவரில் கதீட்டர் நிலைத்து நிற்காமல் ஒவ்வொரு துடிப்புக்கும் வழுக்கும். பின்பக்கத் தடுப்புச் சுவரில் சில பாதைகள் கரோனரி சைனஸின் உள்ளிருந்துதான் பிடிபடும், அங்கே பக்கத்திலேயே தமனி போகும். எப்ஸ்டைன் என்னும் பிறவி வால்வுக் குறைபாடு உள்ள இதயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் இருப்பது சாதாரணம். எல்லாவற்றிலும் வயிற்றைக் கலக்குவது ஹிஸ் கற்றையை ஒட்டிய பாதைதான். ஒரு சில மில்லிமீட்டர் பிசகினால் இயல்பான வழியே எரிந்துபோய், இளம் வயதில் பேஸ்மேக்கரோடு வாழ வேண்டியிருக்கும். அங்கே சூட்டுக்குப் பதில் குளிர். முதலில் மைனஸ் 30 டிகிரி வரை குளிர்வித்துப் பார்ப்போம். பாதை மட்டும் ஓய்ந்து இயல்பான வழி நலமாக இருந்தால் மைனஸ் 70க்கும் கீழே போவோம். ஏதாவது பிசகினால் உடனே சூடேற விட்டால் திசு பெரும்பாலும் மீண்டுவிடும். குளிரில் பாதை பிற்பாடு திரும்ப உயிர்பெறும் வாய்ப்பு சற்று அதிகம். அந்த விலையை மகிழ்ச்சியோடு கொடுக்கலாம் என்பது என் கட்சி.

இதெல்லாம் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. 1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி என்ற அறுவை மருத்துவர், வட கரோலினாவைச் சேர்ந்த ஒரு மீனவரின் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் மேற்பரப்பில் கையால் மின்முனையை வைத்து வைத்துப் பார்த்து, பாதை இருக்கும் இடத்தைக் கணித்து வெட்டினார். வெற்றி. அதற்குப் பின் பல ஆண்டுகள் திறந்த அறுவை சிகிச்சைதான் நிரந்தரத் தீர்வு. 1980களில் கதீட்டர் வழியே நேர்மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். முனையில் சிறு வெடிப்பே நிகழும் முரட்டு முறை அது. ரேடியோ அலைதான் எல்லாவற்றையும் மாற்றியது. 1991இல் வாரன் ஜாக்மன் குழுவினர் 166 நோயாளிகளில் செய்து வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகு நெஞ்சைத் திறப்பது ஏறக்குறைய வழக்கொழிந்தது. இன்று இந்தச் சிகிச்சையின் வெற்றி 95 சதவீதத்தை ஒட்டியிருக்கிறது.

பாதை போனதும் கைதட்டிவிட்டுக் கிளம்புகிற கூட்டத்தில் நான் இல்லை. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மயங்கிய பாதை எழுந்து வருவதற்கு அந்த நேரம் போதும். மீண்டும் தூண்டல்கள், மீண்டும் அடினோசின். கணுவை ஒரு கணம் மூடும்போது மேலும் கீழும் தொடர்பு முற்றிலும் அறுந்தால்தான் வேறு பாதை இல்லை என்று நம்புவேன். மதிய நேரத்தில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பார்த்துக்கொள்ளட்டும்.

முடிந்தபின் கால் மடக்காமல் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். தொடையில் இரத்தக்கட்டு வரலாம், அதுதான் அதிகம் வரும் தொந்தரவு. இதயத்தைச் சுற்றி இரத்தம் கசிவது போன்ற பெரியவை அரிது, ஆனால் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலோர் மறுநாள் வீடு திரும்புகிறார்கள். அடுத்த சில வாரங்களுக்கு ஒற்றை முந்தைய துடிப்புகள் வந்து போகும். முன்பெல்லாம் அதுதான் சுற்றைத் தொடங்கிவைத்தது என்பதால், ஒவ்வொன்றுக்கும் உடல் அடுத்ததை எதிர்பார்த்து விறைக்கும். அக்கா மகள் இரவு பதினொரு மணிக்கு அழைத்து, "ஒன்று வந்தது, நின்றுவிட்டது" என்று அறிக்கை தந்துகொண்டிருந்தாள். இப்போது தருவதில்லை. வேறு விஷயங்களுக்கு அழைக்கிறாள்.

வீட்டுக்குப் போகும்போது அறிக்கையில் பாதை எந்த இடத்தில் இருந்தது, எந்த வழியாக அணுகினார்கள் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். 'சிகிச்சை வெற்றி' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் விவரம் கேட்டு வாங்குங்கள். சிலருக்குப் பாதை திரும்பி வரும், இரண்டாவது முறை செய்பவருக்கு அந்த விவரம் பாதி வேலை. தம்பி தங்கைக்கும் இருக்குமா என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் இது குடும்பத்தில் தொடர்வதில்லை. இதயத் தசை தடிப்போடு சேர்ந்து வரும் ஓர் அரிய பரம்பரை வகை உண்டு, எக்கோ நன்றாக இருந்தால் அந்தக் கவலை பெரும்பாலும் வேண்டாம். மனம் கேட்கவில்லை என்றால் அவர்களுக்கும் ஒரு சாதாரண ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள், சில நிமிட வேலைதான்.